அண்ணன் ஊறவைத்த கயிறு

"கோபமே அறியாதவர்" என்று அண்ணனின் அஞ்சலிக் குறிப்பில் எழுதும்படி சித்தப்பா சொல்லியனுப்பினார். எங்கள் அண்ணனை அறிந்தவர்கள் அதைப் படித்தால் சிரிப்பார்கள். "ஏதோ ஒரு கயிறு கொடுங்க" என்று கேட்ட வாடிக்கையாளரைக் கடையை விட்டே விரட்டியவர் அவர். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய ஒரே தங்கையாகிய நான் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது இரும்புலியூரில். அப்பா சீக்கிரமே போய்விட, இருந்த கொஞ்சம் நிலத்தை விற்றுத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஆணி, கிணற்றுக் கப்பி, கயிறு விற்கும் கடை வைத்தார். என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். ஞாயிறானால் நண்பர் டேவிட்டுடன் மின்சார ரயில் ஏறித் துறைமுகத்துக்குப் போவார். பம்மல்காரரான டேவிட்டுக்குப் பாய்ப்படகு என்றால் உயிர். எங்கள் அண்ணன் படகில் ஏற மாட்டார், வாந்தி வரும். கயிறு மட்டும் பார்த்துத் தருவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பாயை ஏற்றி இறக்கும் கயிறு நைந்துவிட்டதென்று டேவிட் கடைக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அண்ணன் நல்ல தடிமனான நார்க்கயிறாக எடுத்துப் போட்டார்.

"இன்னாபா, தேர்வடம் மாதிரி கீது?"

"தடியா இருந்தாத்தான் அறுந்து போவாது. எடுத்துக்கினு போ மச்சான்."

கப்பியில் கோத்துப் பார்த்தார்கள். வழுக்கிக்கொண்டு ஓடியது. காய்ந்த கயிறு அல்லவா!

அந்த ஐப்பசியில் கடலில் திடீரென்று காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. டேவிட் உயிரோடு திரும்பவில்லை. கவிழ்ந்த படகை மறுநாள் இழுத்து வந்தார்கள். காற்று முற்றியதும் இறக்கியிருக்க வேண்டிய பாய் கம்பத்தின் உச்சியிலேயே இருந்தது. நனைந்து பருத்த கயிறு கப்பியில் சிக்கிப் பாயை இறங்கவிடாமல் செய்ததா, இறக்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லையா? எல்லாம் பின்னிக் கிடந்ததில் யாராலும் சொல்ல முடியவில்லை.

அதன்பின் "ஏதோ ஒரு கயிறு" என்று யாராவது கேட்டாலே அண்ணனுக்குக் கோபம் பொங்கிவிடும். கொல்லைப்புறத்தில் ஒரு கப்பியை மாட்டினார். குளியலறை வாளியில் உப்புத் தண்ணீர், அதில் எந்நேரமும் ஏதாவது ஒரு கயிறு. ஊறியதை எடுத்துக் கப்பியில் கோத்து ஏற்றுவார், இறக்குவார், மறுபடி ஏற்றுவார். அந்தக் கிரீச் சத்தம் கேட்டாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன். "இது வூடா, ஹார்பரா?" என்று அண்ணி சண்டை போட்டு ஓய்ந்தே போனார். டேவிட்டின் மனைவி ஸ்டெல்லா அக்கா முகத்தில் விழிக்கப் பயந்து அண்ணன் பம்மல் பக்கமே போகமாட்டார். எத்தனை வருடம்! பாவி மனுஷன், ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்கினாரா?

சென்ற ஆண்டு ஸ்டெல்லா அக்காவே கடைக்கு வந்தார். கூடவே, டேவிட் போனபோது கைக்குழந்தையாக இருந்து, இப்போது காட்டாங்குளத்தூர் கல்லூரியில் படிக்கும் மகள் ஜெனி.

"அண்ணே, இவ அப்பா மாதிரியே படகு ஓட்டணுமாம். சொன்னா கேக்க மாட்டேங்கிறா. கயிறு நீங்கதான் பார்த்துத் தரணும்."

"நானாம்மா?"

"வேற யாரு, அண்ணே?"

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாராம்.

பாரிமுனையில் கடை கடையாக ஏறி இறங்கினார். நைலானைத் தூக்கிப் போட்டார்: "இழுத்தா நீளுது, பாய் தொய்ஞ்சிடும்." இன்னொன்று ஈரக்கையில் நிற்கவில்லை. கடைசியில் பின்னல் போட்ட பாலியஸ்டர் கயிறு ஒன்று மனதுக்குப் பிடித்தது, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. மாலையில் வாளியில் ஊறப்போட்டார். மறுநாள் காலை காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

துக்க வீட்டுக்கு வந்த ஸ்டெல்லா அக்கா நேரே குளியலறைக்குப் போய் வாளியிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தார். கொல்லைக் கப்பியில் கோத்து ஏற்றினார், இறக்கினார். கிரீச் சத்தம் கேட்டு, கூடத்தில் அழுதுகொண்டிருந்த நாங்கள் திக்கென்று நிறுத்திவிட்டோம். அக்கா உள்ளே வந்து அண்ணன் காலடியில் நின்று, "நல்லா ஓடுது அண்ணே" என்றார். ஈரத்தோடேயே அதைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று ஓடிவந்த டாக்டருக்கும், ஆட்டோக்காரத் தம்பிகளுக்கும், மூன்று வேளையும் சமைத்துப் போட்ட தெருவாருக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். ஸ்டெல்லா அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு மாலைகளில் போன் வந்திருக்கிறதென்று வந்து கூப்பிடும் பக்கத்து வீட்டு மாமிக்கும் நன்றி.

கப்பியை நாங்கள் கழற்றவில்லை. காற்றடித்தால் கயிறில்லாமலேயே முனகுகிறது. கரையேறியதும் போன் செய்வது ஜெனிதான். பேசிவிட்டு வரும் அண்ணி, அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறார்:

"ஏங்க, பாய் இறங்கிடுச்சாம்."