தலையாட்டியதால் வந்த வினை

எங்கள் மலைக்கிராமமான செம்மநத்தத்துக்கு மாதம் ஒருமுறை ஓர் அறக்கட்டளையின் மருத்துவ வண்டி வருகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வராமலிருக்க, முகம் தெரியாதவர்கள் தரும் நன்கொடையில் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த மாத்திரையைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வந்தது. நான் வேலை செய்யும் எஸ்டேட்டில் சுற்றிலும் பெண்கள் காப்பிப் பழம் பறிக்கும்போது எத்தனை முறை ஒதுங்குவது? கூச்சத்தில், யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாதம், "தெனமும் போடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். தலையாட்டினேன். ரத்த அழுத்தம் குறையாததால் அந்த மாத்திரை போதவில்லை என்று நினைத்து, அவர் இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தார். நோய் முற்றிவிட்டதோ என்று பயந்துபோய் இரண்டையும் ஒழுங்காகப் போட்டேன்.

இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட, நான்காம் நாள் சரிவில் பழம் பறிக்கும்போது கண் இருட்டி உருண்டேன். ஒரு சில்வர் ஓக் மரம் தடுத்திருக்காவிட்டால் பாறையில் விழுந்து செத்திருப்பேன்.

"பொம்பளைங்க முன்னால வெக்கமுங்களா? அவங்கதானுங்க உங்களத் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்தாங்க!" என்று, நான் காரணத்தைச் சொன்னதும் என் மனைவி திட்டினாள்.

அடுத்த முறை வண்டி வந்தபோது எல்லாவற்றையும் கேட்ட டாக்டரம்மாவோ, "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பனே!" என்றார். வேறு மாத்திரை இருந்திருக்கிறது! என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்றும் அது அடங்கவில்லை.

இப்போது வண்டி வந்தால், மீதி மாத்திரைகளை அட்டையோடு டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்துவிடுகிறேன். எனக்குப் பேச்சு வராவிட்டாலும், எத்தனை போட்டேன், எத்தனை போடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.