நீலப் பொட்டு இல்லாத இடம்

கோடு மேலே ஏறியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இறங்க வேண்டிய கோடு அது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். காய்ந்துகொண்டிருந்த எங்கள் பாக்குத்தோப்பும் அதையேதான் சொன்னது. அப்படியிருக்க, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் என் மேசைமேல் விரித்துவைத்த சார்ட்டில், கடைசி சில வருடங்களுக்கு மட்டும் கோடு ஜம்மென்று மேலே போய்க்கொண்டிருந்தது.

"யாருடி இந்தப் பொட்டெல்லாம் ஒட்டினது?" என்று கத்தினேன்.

"நீங்க சொன்ன மாதிரியேதானுங்க மிஸ் ஒட்டினோம்" என்றார்கள். அதுவும் உண்மைதான்.

நான் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். நாமகிரிப்பேட்டையிலிருந்து டவுன் பஸ் போகிற ஊர் ஒன்றில் பள்ளிக்கூடம். எங்கள் தோட்டமும் அதே ஊரில்தான். வரலாற்றுச் சான்றுகள் யாவை என்று கேட்டால் கல்வெட்டு, நாணயம், செப்பேடு என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதைப் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. வரைபடமும் சான்றுதான், கிராஃப்பும் சான்றுதான், உங்கள் ஊர்த் தண்ணீரின் வரலாற்றை நீங்களே வரைந்து பாருங்கள் என்று வேலை கொடுத்தேன். தோட்டம் தோட்டமாகப் போய் இரண்டே கேள்வி கேட்க வேண்டும். கிணறோ போர்வெல்லோ, தோண்டியது எந்த வருடம்? தண்ணீர் எத்தனை அடியில் வந்தது? சார்ட்டின் மேல்விளிம்பு தரை. அங்கிருந்து கீழே போகப் போக அடி. தண்ணீர் கிடைத்த ஆழத்தில், பேன்சி ஸ்டோரில் வாங்கிய நீல ஸ்டிக்கர் பொட்டு ஒன்று. பொட்டுகளின் நடுவே ஒரு கோடு.

கிணற்றுக் காலத்துப் பொட்டுகள் மேலே இருந்தன. அது சரி. வருடம் ஆக ஆக அவை கீழே இறங்கி, சார்ட் முடிகிற ஆயிரம் அடியைத் தொடப் பார்த்தன. அதுவும் சரி. அதற்குப் பிறகு எதற்காகத் திரும்பி மேலே வந்தன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மழை கொட்டித் தீர்த்துவிட்டதா? அப்படி ஒன்றும் பெய்யவில்லையே. கணக்கு சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "கோட்டுல தப்பே இல்லைங்க டீச்சர். நல்ல சேதிதானுங்களே, அதுகூட எதுக்குச் சண்டைக்கு நிக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சந்தேகம் தீராமல் சார்ட்டைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன். அங்கேதான் வினை பிடித்தது.

என் வீட்டுக்காரர் தோப்பிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். சுவரில் சாய்த்து வைத்த சார்ட்டைப் பார்த்ததும் துண்டை எடுக்க மறந்துவிட்டார்.

"இது நம்மூரா அம்மணி?"

"ஆமாங்க."

"தண்ணி மேல வந்துட்டு இருக்குதா?"

"கோடு அப்படித்தாங்க சொல்லுது. எனக்கு என்னமோ நம்பிக்கையே வரலைங்க."

நான் சொன்னதில் முதல் பாதிதான் அவர் காதில் ஏறியது. ஈர விரலைக் கோட்டின்மேல் வைத்து, அது ஏறுகிற பக்கமாகவே தடவிக்கொண்டு போனார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. "இந்த வருசம் போரப் போட்டுப்போடலாம்" என்றார்.

எங்களிடம் இருந்தது அந்தக் கோடை முழுக்கத் தோப்புக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் மட்டும்தான். அதைப் போர் போடுகிற ரிக் வண்டிக்குக் கொடுத்து, தண்ணீர் வந்துவிட்டால் தோப்பு முழுவதும் பிழைக்கும். வராமல் போனால் லாரித் தண்ணீரும் கிடையாது, ஒரு மரம்கூட மிஞ்சாது. கல்யாணமான வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து நட்ட கன்றுகள் அவை. என் பையன் நடக்கப் பழகியது அந்த வரிசைகளுக்குள்தான். மனுசன் அத்தனையையும் என் வகுப்புச் சார்ட்டை நம்பி வைக்கப் பார்க்கிறாரே என்று பதறினேன்.

மறுநாளே திருச்செங்கோட்டு ரிக் ஏஜென்ட் பைக்கில் வந்து இறங்கினார். அவருக்கும் சார்ட்டைக் காட்டியாயிற்று. "டீச்சரம்மாவே கோடு போட்டுக் குடுத்துட்டாங்க, அப்புறம் என்னங்க யோசனை? அமாவாசை கழியட்டும், வண்டி உங்க தோட்டத்துல நிக்கும்" என்று காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரும் வந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். தேங்காயும் கோடும் ஒரே பேச்சைப் பேசுகின்றன, எனக்கு மட்டும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

எங்கே தப்பு என்று தெரியாவிட்டாலும் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று பிடிவாதமாக நினைத்தேன். அடுத்த நாள் வகுப்பில் கிராம வரைபடத்தின் பெரிய நகலை விரித்து, சார்ட்டில் இருக்கிற ஒவ்வொரு போரையும் அது இருக்கிற இடத்திலேயே ஒட்டச் சொன்னேன். பிள்ளைகள் அலுத்துக்கொண்டே ஒட்டினார்கள். மணி அடிக்கும்போது வரைபடம் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. பழைய போர்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. கடைசி சில வருடத்துப் போர்கள் அத்தனையும் ஏரிக்கரையை ஒட்டி அடைஅடையாக இருந்தன. ஊரின் மேற்குப் பக்கம் முழுக்க வெள்ளை. புதுப் பொட்டு பேருக்கு ஒன்றுகூட இல்லை. அந்த வெள்ளைக்கு நடுவில்தான் எங்கள் தோட்டம் இருந்தது.

"அந்தப் பக்கம் யாருமே போகலையா?" என்று கேட்டேன்.

"நான் போனேனுங்க மிஸ். எங்க ஊடே அங்கதானுங்க" என்றாள் ஒரு பெண். "எல்லாருமே சொல்ல ஒண்ணும் இல்லீன்னுட்டாங்க."

வெற்றிடத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று பழைய வரைபடங்களைக் காட்டி நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அங்கே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இருந்தும் வரைந்தவனுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். பாடம் நடத்தும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! என் சொந்தத் தோட்டம் வெள்ளையாக இருக்கும்போது இதில் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் புதிதாகப் போர் எதுவும் போடவில்லை, அதனால் எங்கள் இடம் வெள்ளை. அது நியாயம். அந்தப் பக்கத்தில் இத்தனை தோட்டக்காரர்கள் இருக்கிறார்களே, ஒருவர்கூடவா போடவில்லை? வெள்ளாமை காய்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற ஆட்கள் இல்லையே இவர்கள்.

சாயங்காலம் மேற்கு வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் போனேன். மாட்டுக்குத் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, இந்தப் பக்கம் யாருமே போர் போடலீங்களா?"

அக்கா சோளத்தட்டைக் கட்டைக் கீழே வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்தப் பேச்ச எதுக்குக் கண்ணு எடுக்கற? எனக்கு ரெண்டு பசங்க கல்யாணத்துக்கு நிக்கறாங்க."

"போருக்கும் கல்யாணத்துக்கும் என்னங்கக்கா?"

"நல்லாக் கேட்ட போ! தண்ணியில்லாத தோட்டத்துக்கு எவன் பொண்ணு குடுப்பான்? போர் போட்டு, தண்ணிக்குப் பதிலா கல்லுப் பொகைதான் பறந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா, தரகன்கூட இந்தத் தடத்துல வரமாட்டான். குழி மேல கல்லைத் தூக்கி வெச்சு, எருக்குப்பையக் கொட்டி மூடிப்போடுவோம். நான் மட்டுமா? இந்தப் பக்கத்துல எல்லாரும் அப்படித்தான்."

எனக்குத் தலையில் யாரோ நறுக்கென்று குட்டினாற்போல இருந்தது. தண்ணீர் எத்தனை அடியில் வந்தது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொன்னவள் நான். வராதவன் அதற்கு என்ன பதில் சொல்வான்? சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வான். ஆயிரம் அடிக்கும் கீழே போய்ப் புகையைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் சார்ட்டில் ஏறாமலே போய்விட்டார்கள். ஏரியை ஒட்டி, குறைந்த ஆழத்தில் தண்ணீர் கண்டவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். தண்ணீர் ஒரு அடிகூட மேலே வரவில்லை. கீழே தோற்றவர்கள் வாயை மூடிக்கொண்டதால் கோடு மேலே ஏறியிருக்கிறது.

திரும்பி நடக்கும்போது அக்கா பின்னாலிருந்து, "என்னைய மட்டும் கேக்கற. உன்ற ஊட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுப்பாரு கண்ணு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. வேலியைத் தாண்டும்போது, போன வருடம் சேலத்தில் விடைத்தாள் திருத்தப் போயிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அம்மாபேட்டையில் தங்கை வீட்டில் தங்கி, வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது, வாசல் செம்பருத்தி இலையெல்லாம் சாம்பல் நிறத்தில் மாவு பூசியிருந்தது. என்னங்க இது என்று கேட்டதற்கு, பக்கத்துல கல்லு ஒடைச்சாங்க என்றார் அவர். சான்று சான்று என்று தொண்டை கிழியக் கத்துகிறவள், வாளித் தண்ணீரை எடுத்து அந்த இலைகளைக் கழுவிவிட்டேன்.

அவர் தோப்பில் காய்ந்த மட்டைகளை அள்ளிக்கொண்டிருந்தார். நேராகப் போய் நின்றேன்.

"எங்கீங்க அது?"

எது என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தோப்பின் மூலையில் மட்டைகள் குவிந்து கிடந்த இடத்துக்கு நடந்தார். மட்டைகளை ஒதுக்கி, ஒரு பலகைக்கல்லைப் புரட்டினார். மண்ணுக்குமேல் சாண் உயரத்துக்குப் பைப் நின்றது. வாயில் சாக்கு திணித்திருந்தது. எத்தனை தடவை அந்தக் குவியலில் நானே மட்டையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன்!

சாக்கை உருவிவிட்டு, ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளே போட்டேன். பைப்பில் டங் டங்கென்று மோதிக்கொண்டே போனது. பிறகு சத்தமே இல்லை. தண்ணீரில் விழுகிற சத்தத்துக்காக இருவரும் குனிந்து நின்றோம். அப்படி ஒரு சத்தம் வரவே இல்லை.

"எத்தனை அடிங்க?"

"ஆயிரத்தி எரநூறு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க கேடு?" என்று கத்தினேன். அழுகையும் கூடவே வந்தது.

"கொடம் கொடமா நீ ஊத்தி வளத்த மரம். தண்ணியோட சொல்லலாம்னு இருந்தேன். வெறும் பொகையா வந்துச்சு. எந்த வாயில சொல்றது?"

"சரி, போகட்டும். இங்க இல்லீன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. உங்க கையால தோண்டிப் பாத்துட்டீங்க. தெரிஞ்சுமா மறுபடியும் வண்டியக் கூப்பிட்டீங்க?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு குழிதான அம்மணி. நீ ஊரையே கேட்டுக் கோடு போட்டு வந்த. அது மேல ஏறுது. ஊருக்கெல்லாம் வருது, எனக்குத்தான் நேரம் சரியில்லாமப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

அவர்மேல் கோபப்படுவதா, அக்காமேலா, என் சார்ட்மேலா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோடு மேலே ஏறியதற்கு இந்தக் குழியும் ஒரு காரணம். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மனிதர் தன் குழியையே நம்பாமல் போயிருக்கிறார். இதை அவருக்கு எடுத்துச் சொல்லப் பார்த்தேன்.

அவர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, "இப்பத்திக்கு வேண்டாமுங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. லாரித் தண்ணீர் கிழக்குப் பாதிக்குத்தான் காணும் என்பதால் மேற்குப் பாதியை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. என் பையன் நடந்து பழகிய வரிசைகள் மேற்குப் பாதியில் இருந்தன.

அடுத்த நாள் சார்ட்டை வகுப்புக்கு எடுத்துப்போனேன். ஆயிரம் அடியோடு அது முடிந்துவிட்டதால், அடியில் இன்னொரு தாளை ஒட்டினேன். என் கைப்பையிலிருந்த கறுப்புப் பொட்டு அட்டையை எடுத்து, ஒரு பொட்டைப் பிய்த்து, போன வருடத்துக்கு நேராக, ஒட்டுத்தாளில் வைத்தேன்.

"அங்க தண்ணி வந்துச்சுங்களா மிஸ்?"

"வரல."

"வராததையும் வெக்கலாமுங்களா?" என்று கேட்டாள் மேற்குப் பக்கத்துப் பெண். ஏதோ ஒரு பயத்தோடு அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு ஒரு அண்ணன் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் பையனுக்கும் பெண் தேடுகிற வயது வரும் என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது.

"அது யாரோட போருங்க மிஸ்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

வகுப்பு மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வரைபடத்தில் எங்கள் தோட்டம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. கறுப்புப் பொட்டு அட்டை என் கையில்தான் இருந்தது.

"எங்களோடது" என்றேன்.