கை காட்டிய பிறகும்

கடைத்தெருவில் அந்த சலூன்காரரின் கை படாத தலை கிடையாது. அழுகிற குழந்தையை நாற்காலிக் கைகளின்மேல் பலகை போட்டு உட்கார வைத்தாரானால், இரண்டாம் நிமிடம் குழந்தை சிரிக்கும். மூன்றாம் நிமிடம் கூட வந்த தாய் கொட்டாவி விடுவாள். வரி ஆபீஸ் அதிகாரி ஒருவர் அவருடைய கத்தரிச் சத்தத்தில் கண்ணயர்ந்து, எழுந்து பார்த்தபோது பணி ஓய்வே பெற்றிருந்தார் என்று தெருவில் சொல்வார்கள். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மைதான்.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டில், ஏழு வயது மகளின் தலை மட்டும் காடாகக் கிடந்தது. கடுகு என்பது அவர் வைத்த செல்லப் பெயர். அவளுக்குப் பேச்சு வரவில்லை. தலையில் சீப்பு பட்டாலே சூடு பட்டதுபோல் துடிப்பாள். வாரம் இரண்டு நாள் பயிற்சி மையத்துக்குப் போய்வந்தாள். வீட்டில் செய்ய வேண்டியதை அங்கிருந்த டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் சீப்பை அவளே வைத்து விளையாட வேண்டும். பிறகு கத்தரிச் சத்தம், அதுவும் தூரத்திலிருந்து. முடியில் சீப்பு படுவதெல்லாம் மூன்றாம் மாதம். தாளின் உச்சியில் சிவப்பு மையில் ஒரு விதி: கடுகு உள்ளங்கையைக் காட்டினால் ‘போதும்’ என்று அர்த்தம், அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

அந்த ஒரு சைகையைப் பழக்கவே நாலு மாதம் பிடித்தது. இன்னொரு கரண்டி சோறு போட வந்த அம்மாவிடம் அவள் முதன்முதலாகக் கையைக் காட்டிய அன்று, அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, தபால்காரர் வாயைத் திறக்கும்வரை.

“ஊர்த் தலையெல்லாம் பளபளன்னு இருக்கு, உங்க வீட்டுத் தலை மட்டும் ஏண்ணே அப்படி? பொண்ணுக்கு இன்னும் டோக்கன் நம்பர் வரலையா?” என்றார், பாதி முகம் நுரையோடு. காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சலூன்காரரும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் மனைவி தையல் கம்பெனிக்குப் போயிருந்தாள். கடுகு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு நிமிடம் போதும், பூ உதிர்வதுபோல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார் மனுஷன். இடது பக்கம் முடிந்தது. தலையை மெல்லத் திருப்பினார். கடுகு விழித்துக்கொண்டாள்.

அவள் கத்தவில்லை. கத்தரியைப் பார்த்தாள், உள்ளங்கையை உயர்த்தினாள்.

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். “இன்னும் ஒரே ஒரு வெட்டுடா கண்ணு” என்று சொல்லி, வெட்டினார்.

சாயங்காலம் மனைவி வந்தபோது பிள்ளை மேஜைக்கு அடியில் இருந்தாள், தலையில் ஒரு பக்கம் அறுத்த வயல், மறுபக்கம் காடு.

“தூங்கறப்ப பண்ணேன். முழிச்சதும் விட்டுட்டேன்” என்றார்.

“பிரமாதம். இந்தத் தலையைப் படம் புடிச்சுக் கடை போர்டுல மாட்டுங்க. கூட்டம் அள்ளும்” என்றாள் அவள்.

இரண்டு வாரம் கழித்து மையத்தில் டீச்சர் இருவரையும் உட்கார வைத்தார்.

“கடுகு கை காட்டறதையே விட்டுட்டா. வேண்டாம்னா ஓடி ஒளிஞ்சுக்கறா. நேத்து தண்ணி போதும்னுகூடக் காட்டல, சட்டையெல்லாம் நனைஞ்சுபோய் நின்னா. நான்தான் எங்கயோ அவசரப்பட்டுட்டேன் போல. பழைய குறிப்பெல்லாம் எடுத்து வச்சுத் தேடிக்கிட்டிருக்கேன்.”

மேஜையில் அந்தக் குறிப்புகள் அடுக்காக இருந்தன. சலூன்காரர் அவற்றின்மேல் கையை வைத்து மூடினார்.

“தேடாதீங்க டீச்சர். அன்னைக்கு அவ கை காட்டினா. அதுக்கப்புறமும் வெட்டினேன்.”

மனைவி திரும்பினாள். “முழிச்சதும் விட்டுட்டேன்னுதானே சொன்னீங்க?”

அவர் தன் கைகளைப் பார்த்தார். வைக்க இடமில்லாமல் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். டீச்சர் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை.

“கை காட்டினா நிக்கும்னு அவளுக்கு மறுபடி நம்பிக்கை வரணும். நிக்க வேண்டியது நீங்கதான். தினமும் பத்து நிமிஷம், வெறுங்கையோட, ஹாலோட அந்தக் கோடியிலேர்ந்து அவகிட்ட நடந்து வாங்க. கை தூக்கினா அப்படியே நிக்கணும். அவ இறக்கற வரைக்கும். ஓடிட்டான்னா, அன்னைக்கு அவ்வளவுதான்.”

பதினோரு நாள் ஓடினாள். ஒவ்வொரு நாளும் அவர் ஹால் நடுவில் தனியாக நின்றுவிட்டுக் கடைக்குப் போனார்.

பன்னிரண்டாம் நாள், அவர் நாலாவது அடிக்குக் காலைத் தூக்கியபோது, கடுகின் கை எழுந்தது. முழுதாகக்கூட இல்லை, இடுப்பு உயரத்துக்கு.

தூக்கிய கால் தூக்கியபடி நின்றார். கடிகாரம் ஓடியது. கெண்டைக்கால் நடுங்கியது.

“கடை தொறக்க நேரமாச்சு, டோக்கன் வாங்கினவங்க காத்திருப்பாங்க” என்றாள் மனைவி சமையலறை வாசலிலிருந்து, மெதுவாக.

“இருக்கட்டும்” என்றார் உதடு அசையாமல்.

கடுகு அவருடைய காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கையை இறக்கவில்லை. ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, ஒரு பக்கம் தொங்கிய அந்தத் தலையைப் பார்க்க அவருக்குக் கூசியது. கண்ணைத் திருப்பினால் கை இறங்குவது தெரியாமல் போய்விடுமே என்று, பார்த்துக்கொண்டே நின்றார்.