அரணைக்கு முளைத்த வால்

காய்ந்த தேயிலைச் சருகில் ஒரு சரசரப்பு. இந்த வயதிலும் கால் நின்றுவிடுகிறது. அரணை. பளபளக்கும் உடம்பு, மங்கிய நிறத்தில் புதிதாய் முளைத்த வால்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதை போட அப்பாவை லாரியில் ஏற்றிய காலையில், எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக் கல்சுவரில் ஓர் அரணையைப் பிடித்தேன். அது ஓடிவிட்டது, வால் மட்டும் என் கையில் துடித்தது.

வால் மறுபடி வளர்ந்தபோது பிடித்து ஒடித்தேன். திரும்ப முளைத்தது, திரும்ப ஒடித்தேன்.

"பாவம்டி, அந்த வாயில்லாச் சீவன் ஒன்னய என்னா பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

அப்பாவுக்காக நாட்களை நீட்டிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? பிறகு அது என் கைக்குச் சிக்கவில்லை. வால் முழுதாய் வளர்ந்தது. அப்பா வரவில்லை.

லாரி கிளம்புமுன், அழுத என்னிடம் அவர் சொன்னது:

"அழாதலா குட்டி. அதுக்கு வால் முளைக்கிறதுக்குள்ள அப்பா வந்துருவேன்."