ஏசம்மாளின் தண்ணீர் முறை

கூமாப்பட்டிக்குக் கிழக்கே ஓடைக்கரையில் ஏசம்மாளுக்கு ஒரு குறுக்கம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், மிளகாய்த் தோட்டம் இருந்தது. அப்பா சீதனமாகக் கொடுத்தது. நாற்பது வயதுக்குள் ஆறு பிரசவமும் மூன்று அடக்கமும் கண்டவள் அவள். மிஞ்சிய மூன்று பிள்ளைகளுக்கும் அந்த மிளகாய் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குப் போனால்தான் சோறு. கணவன் தவசிமுத்து நல்லவன். பூனை எதிரே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற மனிதன். வாய் முழுவதையும் கர்த்தர் ஏசம்மாளுக்கே கொடுத்துவிட்டார்.

அந்த ஓடைக்கு ஊர் வகுத்த கட்டு ஒன்று உண்டு. முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். முறை இல்லாத நாளில் ஒரு குடம்கூட மொண்டு பயிருக்கு ஊற்றக்கூடாது. ஆனால் கிணறு அவரவர் சொத்து. அதை யாரும் கேட்க முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி காளிராஜ் அவள் தோட்டத்துக்கு மேற்கே, ஓடை வரும் திசையில், நிலம் வாங்கினார். ஓடையிலிருந்து பத்தடி தள்ளிக் கிணறு வெட்டினார். மாடு பூட்டி இறைக்கும் கமலை கட்டவில்லை, ஆயில் இன்ஜின் வைத்தார். மாசி பிறந்ததும் அது டுப்பு டுப்பென்று அடிக்கத் தொடங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஏசம்மாள் தோட்டத்துப் பக்கம் ஓடை வறண்டது. குடிக்க ஊற்றுத் தோண்டினால் இடுப்பளவு ஆழத்திலும் பொடி மணல்தான். பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள் தலை தொங்கின.

மழை பொய்த்துவிட்டது என்றது ஊர். காளிராஜும் கெட்டவரில்லை. ஓடையில் கைகூட நனைக்கவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். அது நிஜம்தான், அதுதான் ஏசம்மாளுக்கு வயிற்றெரிச்சல். ஓடையில் தண்ணீர் இருந்தபோதே துவைக்கிற கல்லில் தண்ணீர் மட்டத்துக்குத் தினமும் கரிக்கோடு போட்டு வந்தவள் அவள். இன்ஜின் ஓடிய நாளெல்லாம் தண்ணீர் இறங்கியது. வெள்ளிக்கிழமை அது ஓய்ந்தால் மறுநாள் ஒரு விரல் ஏறியது. மழைக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா?

வத்திராயிருப்பில் நிலம், தண்ணீர் வழக்குகளை விசாரிக்க ஒரு ரெவின்யூ அதிகாரி முகாம் போட்டார். சபை அசன விருந்துக்குச் சோறாக்கும் அண்டாவை ஏசம்மாள் இரவல் வாங்கி, பாதிவரை ஓடை மணல் நிரப்பி மாட்டுவண்டியில் ஏற்றினாள்.

"ஏட்டி, வம்பு வேண்டாம். அவிய பெரிய இடம்" என்றான் தவசிமுத்து.

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு மாட்டை ஓட்டும்."

அதிகாரி முன்னால் அவள் மணலில் விரலால் வாய்க்கால் கீறித் தண்ணீர் ஊற்றினாள். மணல் குடித்து அடங்கிய பிறகுதான் வாய்க்காலில் தண்ணீர் நின்றது. ஓட்டை போட்ட சிரட்டையைச் சற்றுத் தள்ளிப் புதைத்தாள்.

"இது அவிய கிணறு. வாய்க்கால்ல நான் கை வைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க ஐயா."

சிரட்டைக்குள் ஊறியதை மட்டும் கரண்டியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். வாய்க்கால் மெல்ல வற்றி வெறும் மணலானது.

விசாரணைக்கு வந்திருந்த காளிராஜ் சிரித்தார். "அண்டாவும் பூமியும் ஒண்ணா?"

"இன்ஜினை மூணு நாள் நிறுத்தும். ஓடை என் தோட்டத்துக்கு வரலைன்னா தோட்டத்தை உமக்கே எழுதித் தாரேன்."

தவசிமுத்து நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான்.

அதிகாரி சொல்ல, இன்ஜின் நின்றது. இரண்டு நாளும் ஓடை அசையவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அதிகாரியும் ஊராரும் வந்து பார்த்தபோது காளிராஜ் கிணற்றோரம் ஓடை கசிந்திருந்தது. ஏசம்மாள் தோட்டத்தருகே மணல் காலைச் சுட்டது. மூன்று நாள் என்று அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டாளே! மணல் குடித்த பிறகுதான் மேலே நிற்கும் என்று அண்டாவிலேயே கண்டாளே!

"பத்திரம் எப்ப எழுதலாம்?" என்றார் காளிராஜ்.

ஏசம்மாள் சேலையை இழுத்துச் செருகி ஓடைக்குள் இறங்கினாள். இரண்டு கையாலும் மணலைப் பறித்தாள். முழங்கை ஆழத்தில் விரல் நனைந்தது. குழியில் தண்ணீர் சுரந்து ஏறியது.

"இடுப்பளவு தோண்டியும் பொடி மணல் வந்த இடம் இது, ஊரே சாட்சி. ஓடை வந்தாச்சு ஐயா. மேல ஏறல, கீழ வந்து நிக்கு."

அதிகாரி குழிக்குள் கைத்தடியை விட்டுப் பார்த்தார். அங்கேயே நின்று உத்தரவு எழுதினார்: கரையை ஒட்டிய கிணறும் இனி ஓடையில் சேர்த்திதான், முறைப்படிதான் இறைக்க வேண்டும்.

காளிராஜின் முகம் சிறுத்தது. "அப்ப எனக்கும் முறை உண்டில்ல?"

ஏசம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"உண்டு. எனக்குப் பொறவு."