ரேடியேட்டர் பஸ்ஸில் போனது

கல்யாணமான முதல் இரண்டு வருஷம் அப்பா வீட்டுக்குப் போவது எனக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. நான் வாழ்க்கைப்பட்டது சாக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிறந்த வீடு அமராவதிபுதூரில். நடுவில் காரைக்குடி. அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் காலையில் புறப்பட்டவள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடலாம். மாமியார் தூக்குவாளியில் ஏதாவது போட்டுக் கொடுப்பார். தனியாகத்தான் போய் வருவேன். யாரும் எதுவும் சொன்னதில்லை.

கார் வந்த பிறகுதான் அது நின்றது.

அறுபதுகளின் நடுப்பகுதி. மாமனாருக்கு நிலபுலன் உண்டு, ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பும் உண்டு. காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் பழைய சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கறுப்புக் காரும் இருந்தது. நல்ல வண்டி, செட்டியார் வீட்டில் நின்ற வண்டி என்று ஊரெல்லாம் சொல்லி மாமனார் அதை வாங்கிவந்தார். எங்கள் ஊரில் வேறு யாரிடமும் கார் இல்லை. அடுத்த மாதம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, என் காதில் விழும்படி மாமியாரிடம் சொன்னார்.

"கார் நிக்கிற வீட்டுப் பொம்பளை பஸ்ஸுல இடிபட்டுப் போனா ஊரு என்ன பேசும்? இனிமே கார்லயே போகட்டும்."

அன்றைக்கு எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆறு மாதத்தில் காரின் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. இப்போது ரேடியேட்டரில் ஊற்றுவதற்கென்று பச்சை நிறத்தில் ஏதோ விற்கிறார்கள். அப்போதெல்லாம் வெறும் தண்ணீர்தான். டிரைவர் பின்பக்கம் இரண்டு டின் தண்ணீர் வைத்திருப்பார். மாமனார் காரைக்குடிக்குப் போகும்போது வழியில் இரண்டு தடவை நிறுத்தி ஊற்றிக்கொண்டு போவார்கள். ஆண்கள் ரோட்டில் நிற்கலாம். வீட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டு கார் புகைந்து நிற்பதை நாலு பேர் பார்க்கக் கூடாது. அதனால் நான் போகவேண்டும் என்றால் மட்டும், "வண்டி சரியாகட்டும்" என்ற பதில் வரும். என் கணவருக்கு மதுரையில் உத்தியோகம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். அவரிடம் சொன்னால், அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்.

இப்படியே ஏழெட்டு மாதம் போனது. பிறகு பங்குனி வெயிலில் ஒரு கடுதாசி வந்தது. அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்திருக்கிறார், உன்னைத்தான் கேட்கிறார் என்று அம்மா யாரிடமோ சொல்லி எழுதவைத்திருந்தாள்.

மாமனார் கடுதாசியைப் படித்துவிட்டு வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, வண்டி சரியானதும் முதல் வேலையாகப் போகலாம் என்றார்.

அதுவரை எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ஒழுகல் என்பதே என்னை அனுப்பாமல் இருக்க ஒரு சாக்கோ என்று. அன்று மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் கொட்டகைக்குப் போய் காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தேன். செம்மண் தரையில் ஈரம் ஒரு தட்டு அகலத்துக்குப் படர்ந்திருந்தது. கையை நீட்டினேன், உள்ளங்கையில் சொட்டு விழுந்தது. பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். இது நிஜம். நிஜத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டிரைவர் வந்துவிட்டார். நாற்பது வயதுக்காரர், முன்பு லாரி ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார். ஏன் இதைச் சரிசெய்யவில்லை என்று கேட்டேன். சோப்பைக் குழைத்து அடைத்துப் பார்த்தாராம், மஞ்சள்தூள் கலந்து ஊற்றிப் பார்த்தாராம், இரண்டு நாளைக்கு மேல் நிற்கவில்லையாம்.

"கழட்டி ஈயம் வச்சாத்தான்மா நிக்கும். அய்யாகிட்ட நாலு தடவை சொல்லிட்டேன். ஈயம் வைக்கிற பட்டறை, வண்டி வித்தவுக வீட்டுத் தெருவுலயே இருக்கு. அங்குட்டு வண்டிய நிறுத்த அய்யாவுக்கு மனசு வரலை."

நல்ல வண்டி என்று ஊரெல்லாம் சொன்னவர், விற்றவர் கண்ணெதிரே அதைப் பட்டறையில் நிறுத்துவது எப்படி? எனக்கு அது புரிந்தது. ரேடியேட்டரை மட்டும் தனியாகக் கழற்ற முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். அப்படியானால் அதைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோங்கள், நான் சொன்னதாகச் சொல்லாமல் நீங்களே அய்யாவிடம் சொல்லுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மாமனார் ஒப்புக்கொண்டார். மறுநாள் டிரைவர் ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். மேல் வாயிலும் கீழ் வாயிலும் துணியைத் திணித்து, ஒன்றின் வழியே சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தார். ஓரத்தில் ஓரிடத்தில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. நான் பின்கட்டு வாசலில் நின்று, கீழேயும் ஒன்று வருகிறது என்று கை காட்டினேன். இரண்டு இடத்திலும் கரியால் கோடு போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அதை ஏற்றினார்கள். கண்டக்டர் நகர்ந்து இடம் விட்டார். எங்கள் டிரைவர் தன் பக்கத்து சீட்டில் அதைச் சாய்த்து, விழாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டார். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அருகில் நின்ற மாமியாரிடம் கேட்டேன்.

"ரேடியேட்டர் போற பஸ்ஸுல நான் போகக்கூடாதா அயித்தை?"

அவர் பஸ் போன பிறகு சொன்னார்.

"அது யாரு வீட்டுதுன்னு எழுதியா ஒட்டியிருக்கு? உன்னைய எல்லாருக்கும் தெரியுமே."

கேலியாகச் சொல்லவில்லை. கார் வந்ததிலிருந்து அவரும் எங்கேயும் போனதில்லை.

மூன்றாம் நாள் ரேடியேட்டர் ஈயம் வைத்துத் திரும்பி வந்தது. மாட்டித் தண்ணீர் நிரப்பி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். தரை காய்ந்தே இருந்தது. மறுநாள் காலை கிளம்பினோம். மாமனார் முன்னால், நான் பின்னால். காரைக்குடிக்குப் பாதி வழிகூட வரவில்லை, முன்பக்கமிருந்து சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். ரேடியேட்டர் நன்றாக இருந்தது. கழற்றி மாட்டியதில், மேலே இருந்த பழைய ரப்பர் குழாய் கீறிவிட்டது.

மாமனார் என்னைப் பார்த்து, "நீ இறங்க வேணாம், கண்ணாடியை ஏத்திக்க" என்றார்.

ஏற்றிக்கொண்டேன். அந்தக் காருக்குள் அன்று இருந்த சூட்டை இப்போதும் என்னால் சொல்லிவிட முடியாது. சீட்டின் தோல் முதுகில் ஒட்டியது. கண்ணாடிக்கு வெளியே பொட்டல், கருவேல மரம், தூரத்தில் ஒரு ஊருணி. மூச்சு விடுவதே வேலையாக இருந்தது.

அப்போது பின்னாலிருந்து பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னை முன்பே தெரிந்தவர்.

"அமராவதிபுதூருக்குத்தானே போறீக? வாங்க, காரைக்குடியில மாத்தி ஏத்திவிடுறேன்."

பஸ் ஜன்னல்களில் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை கதவுப் பிடியில் இருந்தது. மாமனார் சிரித்த முகத்தோடு, "வேணாம்ப்பா, சும்மாதான் நிறுத்தியிருக்கோம்" என்றார். அவருக்குப் பின்னால் ஆவி போய்க்கொண்டிருந்தது.

நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் யாரும் கையைப் பிடித்து இழுத்திருக்கமாட்டார்கள். மாமனார் ஒரு வார்த்தைகூட அதட்டியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கதவு திறக்கவில்லை. பிடியைத் திருப்ப வேண்டிய கை என்னுடையதுதான். பஸ் கிளம்பிப் போனது.

டிரைவர் தன் பெட்டியிலிருந்து பழைய சைக்கிள் டியூபை எடுத்து வாராகக் கிழித்து, குழாய்மேல் இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினார். ஒழுகல் நின்றுவிட்டதென்று அன்று டின்களில் தண்ணீர் எடுத்துவரவில்லை, போய்க் கொண்டுவர வேறு ஆளும் இல்லை. மாமனார் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டின்னைத் தூக்கியபடி ஊருணிக்கு நடந்தார். மூன்று நடை நடந்தார். மூன்றாவது நடையில் அவருக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். அவரை வெறுக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அப்பா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மாமனார் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கார் பேச்சை எடுத்தார்.

"எல்லாம் புதுசாட்டம் பண்ணியாச்சு. வழுக்கிக்கிட்டு வந்துச்சு."

அப்பா என் புடவையைப் பார்த்தார். வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக் கசங்கியிருந்தது. என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஆனதும், டியூப் கட்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது, வெளிச்சத்திலேயே போய்விடலாம் என்று மாமனார் எழுந்தார். ரோட்டில் நின்ற நேரம்கூட அப்பாவோடு இருக்கவில்லை.

திரும்பும்போது பின்சீட்டில் உட்கார்ந்து, குழாய் பிய்ந்துகொள்ள வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். இங்கேயே, அமராவதிபுதூர் எல்லைக்குள்ளேயே பிய்ந்தால் இரண்டு நாளாவது இருக்கலாம். டிரைவர் இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். கட்டு அசையவில்லை, ஒரு சொட்டுகூட இல்லை என்றார். மாமனார் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

அப்பா பிறகு கோல் ஊன்றி நடந்தார். நான்கு வருஷம் இருந்தார். அந்த நான்கு வருஷத்தில் நான் அவரைப் பார்த்தது ஆறு தடவை.