மனுதாரர் எழுதிய பரீட்சை

எனக்கு எழுத்து ஓர் இடத்தில் நிற்காது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அது தாயம் உருட்டின காய் மாதிரி இடம் மாறியிருக்கும். வீட்டில் இதைச் சோம்பல் என்றார்கள், பள்ளிக்கூடத்தில் திமிர் என்றார்கள். திமிரும் இருந்தது, பொய் சொல்வானேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் கல்லூரிக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன மூன்றாம் வருடத்தில்தான் ஒரு மேடம், "இதுக்குப் பேரு கற்றல் குறைபாடும்மா, இதுக்கெல்லாம் சலுகை இருக்கு" என்று சொல்லி முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சர்டிபிகேட் வாங்க வைத்தார்.

சலுகை கொடுக்கும் உதவி மையம் விளையாட்டுச் சாமான் அறையின் மறுபாதி. பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல், நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள். அந்த ஆள் என்னைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும், பாடம் தெரிந்திருக்கக் கூடாது. மேடம் எங்கெங்கோ தேடி, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் டூ. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அரசியல் பாடத்தில் எனக்கு அது மூன்றாவது தடவை. தேறாவிட்டால் டிகிரி கிடையாது, பி.எட். கிடையாது. டீச்சராகி, என்னைத் திமிர் என்றவர்கள் முன்னால் சாக்பீசோடு நிற்க வேண்டும் என்பது என் வெறி.

கால்பந்து வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கிராம ஊராட்சியின் பணிகள் என்ன என்பது முதல் கேள்வி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு குடிநீர், தெருவிளக்கு, சாலை, சாக்கடை என்று கொட்டினேன். நான் நிறுத்திய பிறகும் அண்ணன் எழுதிக்கொண்டே இருந்தார்.

"இன்னா அண்ணா, முடியலையா?"

"நீ சொல்லிக்கினே போம்மா. நான் பாத்துக்கறேன்."

பாவம், கை மெதுவு என்று நினைத்தேன். ஐந்து கேள்வியும் இப்படியே முடிந்தது. கூடுதல் மணி நேரம் தொடங்கும்போது அண்ணன் தாளை என் பக்கம் திருப்பினார்.

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா. வரலைன்னா கைநாட்டு கூடப் போதும்."

குனிந்து பார்த்தேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, அதற்குக் கீழே ஹால் டிக்கெட்டைப் பார்த்து எழுதிய என் முழுப் பெயர். விடைத்தாளில் பெயர் இருந்தால் பேப்பரே செல்லாது.

"யோவ் அண்ணா, இது பரீட்சையா மனுவா?"

"பேரில்லாத மனுவ எவன்மா பிரிச்சுப் பாப்பான்? நேரா குப்பைக்குத்தான் போவும்."

கண்காணிப்புக்கு வந்த சார் ஓடி வந்தார். விவரம் கேட்டுவிட்டு, "நீ படிச்சுக் காட்டுற எடத்தை மட்டும்தான் அவர் அடிக்கலாம். அவரா தேடி அடிக்கக் கூடாது" என்றார். அட கடவுளே, படிக்க வராது என்றுதானே இந்த ஆளே வந்தார்!

ஹால் டிக்கெட்டை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினேன். எழுத்துகள் ஆடின, நானும் விடவில்லை. முதல் பக்கத்திலேயே "மேற்படி விலாசத்தில் வசிக்கும்" என்று என் பெயர். நடுவில் "மனுதாரராகிய" என்று மறுபடியும். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அண்ணன் ஒவ்வொரு பெயரையும் அடிக்கும்போது பெற்ற பிள்ளையைக் கிள்ளுகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். ஒன்பது பெயர் பிடித்தேன். மணி அடித்தது. பத்தாவது இருந்ததா என்று ரிசல்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை.

பாஸ். நாற்பத்தேழு. பாஸானவள் எவளும் விடைத்தாள் நகல் கேட்க மாட்டாள், நான் கேட்டு வாங்கினேன். பத்தாவது பெயர் இல்லை. ஆனால் ஊராட்சிக் கேள்வியின் அடியில் ஒரு வரி அடிபடாமல் தப்பியிருந்தது: "ஆகவே ஐயா அவர்கள் மேற்படி பணிகளை எங்கள் தெருவுக்கு விரைந்து செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பக்கத்தில், திருத்தியவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "எங்கள் தெருவுக்கும்."